கல் விழுந்த இடம்

நடராஜா அரசாங்கக் கட்டடக் கலைஞர். அவர் வரைந்தபடி ஒரு கட்டடமும் எழும்பியதில்லை. பல்லேகமவில் அவர் போட்ட பள்ளிக்கூடத்தில் வகுப்பறை சுருங்கி, பிரமுகர்கள் மாலை வாங்கும் மேடை வளர்ந்தது. ஆகவே கலேவெல ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றிருந்தார். அதற்கு அவர் தேர்ந்தது வெள்ளம் ஏறாத மேடு, வரைந்தது காற்றைப் பார்த்த ஜன்னல்கள்.

அடிக்கல் நாட்ட வந்த எம்.பி. வழியில் வரவேற்புகளை ஏற்று ஏற்றுப் பிந்திவிட்டார். சுபநேரம் முடியப்போகிறது, மேட்டுக்கு ஏறினால் வெள்ளை உடுப்பில் சேறு படும். ரோட்டோர வயல் கரையிலேயே கல்லை வைத்துவிட்டு, கைதட்டலோடு போய்விட்டார்.

“கல்லை மேல கொண்டு போயிடலாம், ஜவாஹிர்,” என்றார் நடராஜா.

கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் ஜவாஹிர் பதறினார். “அல்லாஹ்வே! சுபநேரத்துல வெச்ச கல்லு, சேர். அசைச்சா நம்ம ரெண்டு பேரையும் இடமாத்தம் போட்டு மன்னாருக்கு அசைப்பாங்க.”

மழை வந்தது. கல் கழுத்தளவு மூழ்கி, எம்.பி.யின் பெயருக்கு மேல் ஒரு தவளை உட்கார்ந்தது. தேர்தலும் வந்தது. எம்.பி.யும் மூழ்கினார்.

எதிரி வைத்த கல்லில் கட்டமாட்டேன் என்றார் புதியவர். நடராஜாவுக்கு உயிர் வந்தது. காட்டை வெட்டி, மேட்டின் உச்சிவரை கார்ப் பாதை போடுவித்தார். செருப்பில் ஒரு பொட்டுச் சேறு படாமல் புதிய எம்.பி. உச்சியில் இறங்கினார். காற்று அவருடைய சால்வையைத் தூக்கியது. வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

“அருமை! ஒரு கோட்டையும் மாத்த வேணாம்,” என்றார் சிங்களத்தில்.

நடராஜாவுக்குக் கண் கலங்கியது.

“இந்தக் காத்துக்கு சர்க்கியூட் பங்களாதான் பொருத்தம். பெரியவங்க வந்தா தங்கலாம். இது என்ன அறை, தண்ணிக்குழாயோட?”

“பிரசவ அறை, சேர்.”

“குசினியாக்குங்க.”

“அப்ப வாட்டு?”

“கர்ப்பிணிகள் பாவம், மேடு ஏறுவாங்களா? கீழ ரோட்டோரமாக் கட்டுங்க. அங்கதான் கல்லும் இருக்கே. பழைய பேரை மட்டும் செதுக்கி எடுத்துட்டு என் பேரைப் போடுங்க.”

கார் இறங்கிப் போனது.

“முபாரக், சேர்,” என்று வாழ்த்தினார் ஜவாஹிர். “கடைசில நீங்க கீறின மாதிரியே ஒண்ணு எழும்புது.”

“வாயை மூடிட்டு வாங்க.”

இருவரும் வயல் கரைக்கு இறங்கினார்கள். ஜவாஹிர் சேற்றில் அளவுக்கம்பை ஊன்றினார்.

“வாட்டுத் தரையை எவ்வளவுக்கு உசத்தோணும், சேர்?”

நடராஜா கல்லைப் பார்த்தார். தவளை அங்கேயேதான் இருந்தது.

“அடுத்த மழைக்கு இந்தத் தவளை எதுவரைக்கும் ஏறுதுன்னு பாருங்க. அதுக்கு மேல போடுவோம்.”