அப்புத்துரையின் பாரமும் சுருவில் பிண்ணாக்கும்

பரிமளம் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பாரம் போதாதென்று செக்குப் பலகையில் வைத்தாள். காணாது. குழவியையும் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் காணாது. மாடு இழுக்காமல் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. உரலுக்குள் அரைவாசி நசிந்த எள்ளு, எண்ணெய் விடாமல் கிடந்தது. 1981ஆம் ஆண்டு மாசி மாதத்துக் காலை அது. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பலகையில் இருந்த அவளுடைய புருஷனின் பாரம் அன்றைக்குத்தான் இறங்கிப் போனது. புருஷன் இறங்கவில்லை. அவர் 1956இலேயே போய்விட்டார். பாரம் மட்டும்தான் இருந்தது.

செக்கில் மாடு சுற்றும், உலக்கை உருளும். ஆனால் எண்ணெயைப் பிழிவது மாடல்ல, பாரம். மாட்டின் பின்னால் இழுபடும் பலகையில் ஓர் ஆள் ஏறி இருந்தால்தான் உலக்கை சாய்ந்து அழுத்தும். தீவுப்பகுதியில் சுருவில் என்ற ஊரில் அப்படி இருந்தவர், பரிமளத்தின் புருஷன் அப்புத்துரை. வாட்டசாட்டமான மனிதர், பேச்சு மட்டும் மெலிவு. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிய வருஷம், ஊரில் பாதிப்பேர் கொழும்புக்குப் பெட்டி கட்டிய காலம். தானும் எங்கேயாவது போய்ப் பார்க்கட்டோ என்று ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கேட்டார். புகையிலைத் தோட்டக்காரர் உரத்துக்குப் பிண்ணாக்கு வாங்க வந்து வாசல் படலையடியில் நின்ற நேரம். பரிமளம் அகப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“இந்தச் செக்குக்கு உங்கட பாரம் மட்டும் காணும். அதை இறக்கி வைச்சிட்டு எங்கையெண்டாலும் போங்கோ.”

அப்புத்துரை சொல்லுக் கேட்கிற மனிதர். சாப்பிட்டார், கை கழுவினார், பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் பரிமளம் மாட்டைப் பூட்டியபோது வெறும் பலகை ஒரு முனகலோடு தாழ்ந்தது. உலக்கை சாய்ந்தது. எண்ணெய் வழமைபோலவே இறங்கியது. மத்தியானச் சோற்று நேரத்துக்குப் பலகை தானாக எழும்பி, சாப்பிட்ட பிறகு மறுபடி தாழ்ந்தது. ஒரு கிழமை ஊர் வந்து நின்று பார்த்தது. பிறகு எள்ளுப் பிண்ணாக்கு என்ன விலை என்று கேட்கத் தொடங்கியது. அடுத்த வளவு இலட்சுமிப்பிள்ளை மட்டும் வேலிக்கு மேலால் சொன்னாள்: “கூலியுமில்லை, குறட்டையுமில்லை. உனக்கு வாய்ச்ச மாதிரி ஒருத்திக்கும் புருஷன் வாய்க்கேல்லையடி.” பரிமளம் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், அன்றைக்கும் இரண்டு பேருக்குச் சோறு போட்டாள்.

அவர் கொழும்பில் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்த வருஷம் காணாமல் போன எல்லாரும் கொழும்பில்தான் இருந்தார்கள். கொழும்புக்கு வெளிக்கிட்ட ஒவ்வொருவரிடமும், கிளாக்கர்மாரிடமும், சுருட்டுக்கடைப் பெடியன்களிடமும், கண் சத்திரசிகிச்சைக்குப் போன கிழவரிடமும் பரிமளம் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டாள். அவரைக் கண்டால் வரச்சொல்லுங்கோ. வேறொன்றும் இல்லை. அகப்பையோடு சொன்ன அந்தச் சொல்லை அழிக்க அவளிடம் இருந்தது அவ்வளவுதான். கொண்டுபோனவர்கள் ஒருவரும் ஆளைக் காணவில்லை.

ஆனால் பிண்ணாக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் மெலிந்து பாரம் குறைந்தால் எண்ணெய் முழுக்க இறங்காது. பிண்ணாக்கு ஈரமாய், கனமாய் விழும். அவர் கொழுத்துப் பாரம் கூடினால் எண்ணெய் குடம் நிறையும். பிண்ணாக்கு ஓடுபோலக் காய்ந்து மெலியும். தீவுப்பகுதிப் பிண்ணாக்கு உற்பத்தி வருஷத்துக்கு வருஷம் ஏன் ஏறி இறங்குகிறது என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து பாலசிங்கம் என்ற விவசாய உத்தியோகத்தர் சைக்கிளில் வந்து விசாரித்தார். மழையா, எள்ளின் இனமா, மாட்டின் வயசா? “அவரின்ர உடம்பைப் பொறுத்தது,” என்றாள் பரிமளம். உத்தியோகத்தர் மாட்டின் உடம்பு என்று விளங்கிக்கொண்டு போனார்.

1958இல் பிண்ணாக்குத் திடீரெனக் கூடியது. எண்ணெய் இறங்காமல் கட்டி கட்டியாக ஈரத்தோடு விழுந்தது. கொழும்பில் கலவரம், மனிதர் எந்த முகாமில் பட்டினி கிடக்கிறாரோ என்று பரிமளம் விரதம் பிடித்தாள். அறுபதுகளின் தொடக்கத்தில் பிண்ணாக்கு மெலிந்து வறண்டது. எவளோ நல்லாய்ச் சமைத்துப் போடுகிறாள் என்று விளங்கியது. அன்றைக்கே இரண்டாவது கோப்பையைக் கழுவி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். மாட்டைப் பூட்டும்போது பலகையின் பக்கம் பாராமல் பூட்டினாள். 1964 மார்கழிப் புயலில் பலகை விடாமல் நடுங்கியது. கொழும்பில் புயல் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தாள். காய்ச்சலாக்கும் என்று விட்டுவிட்டாள். எழுபதுகளில் நாடே பாணுக்கு வரிசையில் நின்று மரவள்ளி தின்றது; பிண்ணாக்கு மறுபடி கனத்தது. அந்த வருஷங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை இருந்ததால் தோட்டக்காரர் பிண்ணாக்கை அடிபட்டு வாங்கினார்கள். இறக்குமதியைத் திறந்துவிட்ட எழுபத்தேழுக்குப் பிறகு எல்லாம் விழுந்தது. இயந்திரச் செக்கு வந்தது, லொறியில் தேங்காய்ப் பிண்ணாக்கு வந்தது, சாக்கில் கப்பல் தீவனமும் வந்தது. வேலணையிலும் கரம்பனிலும் மரச்செக்குகள் ஒவ்வொன்றாய் நின்றன. இலட்சுமிப்பிள்ளையும் மகனோடு லண்டனுக்குப் போனாள். வேலிக்கு மேலால் பேச ஆளில்லாமல் போனது. சுருவில் செக்கு மட்டும் சுற்றியது.

அதற்குக் காரணம் சவிரிமுத்து. ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவுக்கு வள்ளம் ஓட்டுகிற மனிதர். தொடக்கத்திலிருந்தே சனிக்கிழமை தோறும் எள்ளுப் பிண்ணாக்கு ஒரு பொதி வாங்கிப் போவார். மழையோ, ஹர்த்தாலோ, சவிரிமுத்து வருவார். நெடுந்தீவில் ஒருத்தர் கேட்கிறார் என்பார்.

“அந்த மனிசன் என்ன, பிண்ணாக்கைத்தான் சோறாய்த் தின்னுறாரோ?” என்று ஒருநாள் பரிமளம் கேட்டாள்.

“தின்னமாட்டார் அக்கா. ஆனால் அது இல்லாட்டில் இருக்கவும் மாட்டார்.”

“நீர் வள்ளத்தைப் போலத்தான் கதைக்கிறீர். ஒரு பக்கமும் நில்லாமல்.”

சவிரிமுத்து பொதியைத் தோளில் எறிந்துகொண்டு போனார். அவரிடம் பரிமளம் ஒருபோதும் வரச்சொல்லுகிற அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டதில்லை. அவர் கொழும்புக்குப் போகிறவர் அல்லவே.

பாரம் இறங்கிய அந்த மாசிக் காலை சனிக்கிழமை அல்ல. அம்மியும் குழவியும் போதாமல் கிணற்றடிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள் பரிமளம். படலையில் சவிரிமுத்து நின்றார். தோளில் சாக்கு இல்லை.

“இனிப் பொதி வேண்டாம் அக்கா,” என்றார்.

“ஏன், உம்மட ஆள் மாட்டை வித்துப்போட்டாரோ?”

“அவரிட்டை மாடு இருந்ததில்லை.”

பரிமளம் பலகையைப் பார்த்தாள். சவிரிமுத்துவும் பார்த்தார். கல்லுகளோடு அது வெறுமனே நின்றது. பிறகு அவர் திண்ணைக் குந்தில் ஏறி இருந்து, அப்புத்துரைக்கு மாதா மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்து இத்தனை வருஷமாய் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னார். அப்புத்துரை கொழும்புக்குப் போகவில்லை. அன்றைக்கே சவிரிமுத்துவின் வள்ளத்தில் ஏறி நெடுந்தீவில் இறங்கினார். அங்கே ஒரு கல்வேலிக்குள் கொட்டில் போட்டு இருந்தார். சமைத்துப் போட ஒருத்தியும் இல்லை; மீன் நல்லாய்ப் பட்ட வருஷங்களில் சவிரிமுத்து வீட்டுச் சட்டியில் பங்கு போனது, அவ்வளவுதான். ஐம்பத்தெட்டில் நெருப்புக் காய்ச்சல். அறுபத்துநாலில் புயல் கொட்டிலையே தூக்கியது. கிழமைக்குக் கிழமை கேட்கிறது ஒரே கேள்வி, அவள் என்னை வரச்சொன்னவளோ? இல்லையண்ணை, செக்கு நல்லாய் ஓடுது என்று இவரும் சொல்லுவார். மனிதர் தலையாட்டுவார்.

“விடியத்தான் முடிஞ்சது. ஆள் வள்ளத்தில, துறையில கிடக்கு. நேற்றுவரை ஒரு கையால தூக்கி வெயிலில இருத்தின மனிசன் அக்கா. இண்டைக்கு நாலு பேர் பிடிச்சும் ஏலாமல், எட்டுப் பேராய்த்தான் வள்ளத்தில ஏத்தினம்.”

பரிமளம் மாட்டை அவிழ்த்துவிட்டாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய் அலுமாரியைத் திறந்து இரண்டாவது கோப்பையை எடுத்து வெளியே வைத்தாள். துறைக்குப் போகச் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகியவள் படலையடியில் நின்றாள்.

“மாடுமில்லாமல், தோட்டமுமில்லாமல், அவ்வளவு பிண்ணாக்கையும் என்ன செய்தவர்?”

சவிரிமுத்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இடுப்பில கட்டினவர். பாரத்தை இஞ்ச வைச்சிட்டு வந்த மனிசன், சோழகக் காத்துத் தொடங்கினால் கால் நிலத்தில நில்லாது. கல்லுக் கட்டிப் பார்த்தம், இரும்பு கட்டிப் பார்த்தம், ஒண்டும் அவரில நிக்கேல்லை. இந்தச் செக்குப் பிண்ணாக்கு ஒண்டுதான் அவரைக் கீழ பிடிச்சது.”

பரிமளம் ஓம் என்று தலையசைத்தாள். அது அவளுக்குப் புதினமாகப் படவில்லை.

“முதலே சொல்லியிருக்கலாம் சவிரிமுத்து,” என்றாள். “எண்ணெயை எடுக்காமலே தந்திருப்பன்.”