சாட்சிக்கு விட்ட இடம்

1960ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். திருப்பதியில் மேகமும் இல்லை, காற்றும் இல்லை. மலையின் இடுப்பளவில் மட்டும் மெல்லிய பனிப்படலம் ஒன்று நின்றது. எட்டு மணிக்குள் அதுவும் கலைந்துவிடும்.

மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் ஈசாக்கு ஏகாம்பரம் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். புத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர்; வயது முப்பத்தாறு. அவர் மனைவி கிருபாவதி இதே வார்டில் நர்ஸாக ஏழு ஆண்டுகள் பணிபுரிந்தவள். மூன்று நாட்களாக இதே வார்டில் நோயாளி. வெள்ளிக்கிழமை விடியலில் பெண் குழந்தை பிறந்திருந்தது. நாலரை ராத்தல் எடை. அதற்கு முன் பிறந்த இரண்டும் மூச்சு விடவில்லை.

பண்டிதரின் சட்டைப் பையில், நான்காக மடித்த படிவம் ஒன்று இருந்தது. ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறுகிறது. திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்தோடு சேருகிறது. புத்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே இருக்கும். அவரைப் போலத் திருத்தணிப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், எந்த மாநிலத்தில் பணியாற்ற விரும்புகிறார்கள் என்பதைத் தாய்மொழியில், தம் கைப்பட எழுதி, இன்று மாலை ஐந்து மணிக்குள் சித்தூர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

அவர் எழுதிவிட்டார். 'நான் சென்னை மாநிலத்தில் பணியாற்ற விரும்புகிறேன்.' அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கீழே கையொப்பமும் இட்டாயிற்று. சாட்சிக்கு விட்ட இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. எழுதி மூன்று வாரம் ஆகிறது. கிருபாவதியிடம் இன்னும் சொல்லவில்லை. மாதம் நிறைந்தவளுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மாள் சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தைப் பண்டிதர் இறுகப் பற்றிக்கொண்டார். குழந்தை பிறந்த பிறகு அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும்.

சென்னை என்றால் வேலை மதுராந்தகத்தில். அங்கே இருநூறு பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். புத்தூரில் தமிழ் வகுப்பு அறுபது பேரிலிருந்து பத்தொன்பது பேராகச் சுருங்கியிருந்தது. அதோடு, இங்கேயே இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தெலுங்குத் தேர்வு எழுத வேண்டும். பிறர் எழுத்தில் பிழை தேடியே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர், இனித் தம் எழுத்தைப் பிறர் திருத்தக் கொடுக்க வேண்டும்.

வார்டு ஆயா செல்லியம்மா துணி மூட்டையோடு வந்தாள்.

"இன்னா பண்டிதரே, உள்ள போவாம கதவுக்குக் காவல் கீறீங்க? புள்ளய எவனும் தூக்கினு போவ மாட்டான். போங்க."

"போகிறேன்."

"போகிறேனாம். ஊட்லயும் இப்டித்தான் பேசுவாரா, கேளுங்கம்மா!" என்று அவள் உள்ளே குரல் கொடுத்தாள்.

கிருபாவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. குழந்தை அவள் மடியில், வெள்ளைத் துணிக்குள் மூக்கு மட்டும் தெரியும்படி கிடந்தது.

"வாங்க. ராத்திரி தூங்கலியா? கண்ணு செவந்து கீது."

"தூங்கினேன்."

"பொய்யி. சரி, ஜெபம் பண்ணுங்க. மூணு நாளா சபை ஐயரு வந்து பண்றாரு, சிஸ்டருங்க பண்றாங்க. பெத்த அப்பா இன்னும் வாயத் தொறக்கல."

அவர் கண்களை மூடினார். செல்லியம்மாவும் மூட்டையை இறக்கிவிட்டு முக்காடு போட்டுக்கொண்டாள். ஜெபம் பண்டிதருக்கு எளிதாக வரும். வாக்கியங்கள் தாமே ஒழுங்காக வந்து நிற்கும்.

"எங்கள் பரம பிதாவே, இரண்டு முறை எடுத்துக்கொண்ட நீர் மூன்றாம் முறை கொடுத்தீர், உமக்கு ஸ்தோத்திரம். தாயையும் சேயையும் காத்தீர், உமக்கு ஸ்தோத்திரம். இவ்விடம் விட்டு நாங்கள் புறப்பட்டுப் போகும் ஊரிலும் நீரே எங்களுக்கு முன்பாகப் போவீராக. அங்கே எங்களுக்கு..."

அவர் நிறுத்திவிட்டார். வாக்கியம் முடியவில்லை. செல்லியம்மா மட்டும், முடிந்துவிட்டதென்று எண்ணி, "ஆமேன்" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது கிருபாவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு?"

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"சாமிகிட்ட சொல்றீங்க. எங்கிட்ட சொல்லல. எந்த ஊருங்க?"

படிவத்தை எடுத்து விரித்து அவள் கையில் கொடுத்தார். கிருபாவதி மெதுவாகப் படித்தாள். செல்லியம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

"கையெழுத்து அழகா கீது," என்றாள் கிருபாவதி. "ஒண்ணு கேக்கறேன். நாம, நாங்க ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதற புள்ளைங்களுக்கு அர மார்க் கொறப்பீங்களே?"

"கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். கேட்பவரை விட்டுச் சொன்னால் நாங்கள்."

"இப்ப சொன்னீங்களே நாங்கள். அதுல யாரு யாரு?"

"ஆண்டவரிடம் பேசுகிறோம். அவரை விட்டு மற்ற மூவர். நீ, நான், குழந்தை. இலக்கணப்படி அது சரிதான்."

"இலக்கணப்படி சரி. என்னக் கேட்டா சேத்தீங்க?"

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் சாய்த்துத் தட்டினாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். பனிப்படலம் போய்விட்டிருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "வியாழக்கெழம ராத்திரி புள்ளயோட துடிப்பு கேக்கல. டாக்டரம்மா முகத்தப் பாத்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். எத்தினி பேருக்கு நானே பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்திருக்கேன். அப்ப ஒரு பொருத்தனை பண்ணேன். இது உசுரோட பொறந்தா, மூணு வருஷம் இந்த வார்டுலயே ஊழியம் செய்யறேன்னு."

பண்டிதர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைக் கேட்கவில்லையே."

"கேக்கல. நீங்க அப்ப வராந்தாவுல இருந்தீங்க. கேக்கணும்னு தோணல. நீங்களும் அப்டித்தானே?" கிருபாவதி சிரிக்க முயன்றாள். "ரெண்டு பேரும் நல்லா குடும்பம் நடத்தறோம்."

"கிருபா, இதற்கு வேதத்தில்..."

"தெரியும். சண்டே ஸ்கூல்ல நானும் படிச்சேன். பொண்டாட்டி பொருத்தனை பண்ணா, புருஷன் அதக் கேள்விப்பட்ட நாள்லயே வேணாம்னு தடுத்தா அது செல்லாது. பொழுது சாயற வரிக்கும் பேசாம இருந்துட்டா நெலச்சிடும். இன்னிக்குத்தான் கேள்விப்பட்டீங்க. நேரம் கீது." அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "வேணாம்னு சொன்னா நான் வருவேன். எந்த ஊரா இருந்தாலும். மனசுல ஒண்ணு வெச்சிக்கினு வர மாட்டேன். அதுக்குத்தான் சட்டம் அப்டி எழுதி கீது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ் எப்ப?"

"பதினொன்றே கால்."

"சாட்சி எடம் காலியா கீதே. இதோட போனா வாங்க மாட்டாங்க. நல்ல பண்டிதரு."

தலைமாட்டில் கிடந்த வார்டுப் பேனாவை எடுத்தாள். இரவுக் குறிப்பு எழுதும் பேனா. இரவு நர்ஸுகள் சிவப்பு மையில்தான் எழுதுவார்கள். படிவத்தைத் தொடைமேல் வைத்து, சாட்சிக்கு விட்ட இடத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்து சற்றே சரிந்தது.

"நீங்க எத எழுதினாலும் எழுதினது நீங்கதான்னு நான் சாட்சி. இத்தயும் எடுத்துக்கினு போங்க," என்று பேனாவையும் கொடுத்தாள். "சாயந்தரம் திருப்பிக் கொடுக்கணும். வார்டு சாமான்."

*

பேருந்து சந்திரகிரியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. நடத்துநர் தகர டப்பாவோடு தண்ணீர் தேடிப் போனார். பண்டிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். மறுபடி பார்த்தார், பன்னிரண்டு மணி ஆறு நிமிடம். படிவத்தை எடுத்துப் பார்த்து மடித்து வைத்தார். மேல் வரி நீலம், சாட்சி வரி சிவப்பு. அந்தப் பொருத்தமின்மை அவரை உறுத்தியது. அதைவிடப் பெரிய வேறொன்று உறுத்துவதை ஒப்புக்கொள்ள இன்னும் சிறிது நேரம் ஆயிற்று.

பக்கத்தில் இருந்தவர் தலை மொட்டை, மேலே சந்தனம். அவர் மனைவியின் மடியில் கைக்குழந்தை. அதற்கும் மொட்டை, அதற்கும் சந்தனம். மனைவியின் தலையில் மட்டும் பின்னலும் கதம்பமும் இருந்தன.

"கார்வேட்டிநகரங்க," என்றார் அவர், கேட்காமலே. "பேரு முனிசாமி. கொழந்தைக்கி மாந்தம் வந்து போய்டும்போல இருந்திச்சி. இவ நேந்துகினா."

"நேர்ந்துகொண்டது அவர்கள். முடி உங்களுடையதா?"

"அத்தக் கேளுங்க சார்! 'பெருமாளே, புள்ள பொழச்சா எம் புருஷன் தலைய உனக்குத் தரேன்'னு சொல்லிக்கீறா. எனக்கே மொட்ட போடற கொட்டாயில போயி குந்தினப்புறம்தான் தெரியும்."

"ஏன், உன் தலைன்னா எந் தலை இல்லியா?" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"பாத்தீங்களா, இத்தான் நாயம்," என்று முனிசாமி மொட்டையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "போனா போவுது சார். மசுரு மொளச்சிடும். புள்ள கீதே."

பண்டிதர் சிரிக்கவில்லை. முனிசாமியின் தலையைப் பார்த்தார். பிறகு அப்பன் மடிக்குத் தாவி வந்த குழந்தையின் தலையைப் பார்த்தார். இருவர் தலையிலும் கத்தி பட்ட கீறல்கள் ஒரே மாதிரி இருந்தன.

பேருந்து கிளம்ப இரண்டு மணி ஆயிற்று. பூதலப்பட்டில் மறுபடி நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பண்டிதர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார். வேண்டாமென்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. பேசாமல் இருந்துவிடவும் உரிமை இருந்தது. பேசாமல் இருந்தாலே பொருத்தனை நிலைத்துவிடும், அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த இரண்டாவது வழிதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. பேசாமல் இருப்பதை மூன்று வாரமாகச் செய்தாயிற்று.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காலையில் இரண்டு ஸ்தோத்திரம் சொன்னார். இரண்டும் மேலே போயின. எட்டு ஆண்டுகளில் மூன்று முறை அந்தக் கட்டிலில் படுத்தவளுக்கு நன்றி என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெறும் சொல்லைச் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள் என்பதும் தெரிந்தது.

*

சித்தூரில் இறங்கியபோது மணி நான்கு இருபத்தைந்து. அலுவலகத்துக்கு ஓடினார், ஓடுவது அவருக்குப் பழக்கமில்லை. வாசலில் இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். 'சென்னை' என்ற சொல்லின் மேல் ஒரே கோடு இழுத்தார். கோடு நேராக இருந்தது. அதன் மேலே 'ஆந்திரப் பிரதேச' என்று சிவப்பு மையில் எழுதினார். பிள்ளைகளின் தாளில் எப்படித் திருத்துவாரோ அப்படியே. ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

பிரிவு எழுத்தர் வெங்கடரமணன் மேசைமேல் இருந்த கோப்புகளைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏமண்டி பண்டிதர்காரு, இப்பவா வர்றது? அஞ்சு நிமிஷம் போனா நான் கதவு மூசேஸ்தானு." படிவத்தை வாங்காமல், எட்டிப் பார்த்தார். "ஐயோ, இதென்ன? அடிச்சிருக்கீங்களே. அதுவும் சிவப்பு இங்க்கு."

"பிழைதிருத்தம் சிவப்பில்தான் செய்வது வழக்கம்."

"எது பிழை? நீங்க மெட்ராஸ் போறீங்கன்னுதானே ஊரே சொல்லிச்சு. நிஜமா இங்கயே இருக்கீங்களா? தெலுகு பரீட்ச எழுதணும், தெலுசா?"

"தெலுசு," என்றார் பண்டிதர். உச்சரிப்பு சரியில்லை. வெங்கடரமணன் சிரித்தார்; பண்டிதர் அதைப் பொறுத்துக்கொண்டார்.

"இந்தச் சாட்சி யாரு?"

"என் மனைவி."

"அம்மாவா? நல்லா இருக்குது." அவர் இழுப்பறையைத் திறந்து, மடிப்பு விழாத புதிய படிவம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்களுக்குன்னு தர்றேன். இது அசிங்கமா இருக்கு. புதுசா நீட்டா எழுதிக் குடுத்துடுங்க. உங்க கையெழுத்துக்கு இப்டி ஒரு பேப்பர் ஃபைல்ல போகலாமா?"

பண்டிதர் அந்தப் படிவத்தைப் பார்த்தார். வெள்ளையாக, ஒரு கோடும் விழாமல் இருந்தது. அவர் கை அதை நோக்கிச் சிறிது நகரவும் செய்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"வேண்டாம்," என்றார்.

"ஏங்க? ரெண்டு நிமிஷ வேலை."

"அதில் சாட்சிக் கையெழுத்து இருக்காது."

சிவப்புக் கோடு விழுந்த படிவத்தை அவர் நான்கு மடிப்பும் நீங்க நீவி, இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.