வரேன் என்றவள்

பட்டனுக்கு ஊசி போட்டது நர்ஸ்தான். ஊரில் உள்ளவர்கள் துணியிலெல்லாம் ஊசி ஏற்றி இறக்குகிற தையல்காரிக்கு, தன் வயிற்றில் ஒரு குட்டி ஊசியைக் குத்திக்கொள்ளத் தைரியம் கிடையாது. வீட்டில் மகன் போட்டுவிடுவான். தோழிகள் மூன்று பேருமாகச் சுற்றுலா வந்த இடத்தில் அந்த வேலை நர்ஸின் தலையில் விழுந்தது. குள்ளமாக, உருண்டையாக இருந்ததால் பள்ளிக்கூடத்திலேயே பட்டன் என்று பேர் வைத்தாயிற்று. அவளும் அந்தப் பேருக்கு ஏற்ற தொழிலாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சர்க்கரை வியாதிக்கான அந்த மருந்து உள்ளே போனால் பின்னாலேயே சாப்பாடும் போயாக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். இது நர்ஸுக்குத் தெரியாதா? பரிமாறுகிறவர் மூன்று தட்டுகளோடு சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியை எடுத்தாள். போட்டு முடித்துத் தலையை நிமிர்த்தினால், தட்டுகள் பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"கால் மணி நேரம் ஆச்சு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? கோபுரத்து மேல ஏறிப் பாக்க நேரம் போட்டு டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றாள் டீச்சர்.

இந்தப் பயணமே டீச்சரின் ஏற்பாடு. எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெருவில் வெளியே வருவது என்பது வரை அவள் மனதில் பாடத்திட்டம் தயார். காலையிலிருந்து அருங்காட்சியகம், ஆற்றுப் பாலம், பழைய கடைத்தெரு என்று நடக்கவிட்டே கொன்றிருந்தாள். பட்டனின் கால்கள் வீங்கிப்போயிருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை. சாப்பாட்டுக் கடைக்குள்ளோ குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள். நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"கோபுரம் எங்கயும் ஓடிடாது" என்றாள் பட்டன்.

"நீ ஒவ்வொரு கடை ஜன்னல் முன்னாலயும் நின்னு தையலைப் பாத்துக்கிட்டு வந்தா கோபுரம் ஓடாது, நேரம் ஓடிடும்."

"ஊரைக் காட்டவாடி எங்களைக் கூட்டிட்டு வந்தே? உன் திட்டத்தைக் காட்டத்தானே கூட்டிட்டு வந்திருக்கே! இப்படி எல்லாரையும் விரட்டிக்கிட்டே இருந்தா, உன் பொண்ணு உனக்கு எப்படிடி போன் பண்ணுவா?"

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சரின் மகள் பேசி மாதக்கணக்காகிறது என்பது மூவருக்கும் தெரியும். அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்பதும் மூவருக்கும் தெரியும். பட்டன் அப்படிப் பேசுகிறவளே அல்ல. அவள் கத்தரி துணியில்தான் பாயும், மனிதர்கள் மேல் பாய்ந்ததே கிடையாது.

டீச்சரின் முகம் செத்துப்போயிற்று. பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம்.

"உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாது. பாவமேன்னு கூப்பிட்டேன். நாங்க ரெண்டு பேரா வந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

பட்டன் எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். "சரி, வரேன்" என்றாள். கண்ணாடிக் கதவுகள் இருந்த பக்கம் நடந்தாள். கைகழுவும் இடமும் அந்தப் பக்கம்தான், வாசலும் அந்தப் பக்கம்தான்.

சாப்பாடு வந்தது. பட்டனின் தட்டு ஆவி பறந்து, ஆவி அடங்கி, ஆறியது.

"போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"விடு. முகத்தைக் கழுவிட்டு வருவா. வரேன்னு சொல்லிட்டுத்தானே போனா? பை கூட இங்கதான் தொங்குது."

நாற்காலியில் பட்டனின் கைப்பை தொங்கத்தான் செய்தது. நர்ஸ் ஒரு வாய் எடுத்து வைத்தாள். எழுந்து போய்க் கைகழுவும் இடத்தைப் பார்த்தாள். மூன்று கதவுகளும் திறந்து கிடந்தன. ஈ காக்கை இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரேன் என்றால் திரும்பி வருகிறேன் என்றா அர்த்தம்? நம் ஆட்களில் யார் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்கிறார்கள்? அதிலும் பட்டன், யாராவது வாய் தவறிப் போறேன் என்றுவிட்டால், "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்று திருத்தாமல் விடமாட்டாள். அவள் விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் அவள் தட்டுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோபித்துக்கொண்டு போகிறவள் பையை எடுத்துக்கொண்டல்லவா போவாள்? அளவெடுக்கும் நாடாவை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதவள் பட்டன். செல்போன், பணம், சர்க்கரை இறங்கினால் வாயில் போட வைத்திருக்கும் மிட்டாய், எல்லாம் அந்தப் பைக்குள்தான். அதை மறந்து போயிருக்கிறாள் என்றால் அவள் புத்தி அப்போதே அவளிடம் இல்லை. அந்த வியர்வை, அந்தக் கோபம், மேசையைப் பிடித்த அந்தக் கை! வார்டில் எத்தனை பேரிடம் பார்த்த கோளாறு அது.

"சர்க்கரை இறங்கியிருக்குடி. ஊசியும் போட்டு, சாப்பிடாமப் போயிட்டா. மயங்கி விழுந்தா உயிருக்கே ஆபத்து, எழுந்திரு!"

டீச்சர் பணத்தை மேசையில் போட்டாள். நர்ஸ் பட்டனின் பையோடு மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களையும் அள்ளிக்கொண்டாள். வெளியே வந்தால் கடல் போலக் கூட்டம். படம் எடுக்கிறவர்கள், கொடி பிடித்த வழிகாட்டிகள், அவர்கள் பின்னால் வரிசை வரிசையாக மனிதர்கள். இதில் குள்ளமான ஒருத்தியை எங்கே தேடுவது?

வாசலில் நின்ற காவலாளியிடம் நர்ஸ் மூச்சு வாங்கக் கேட்டாள். "பச்சைச் சட்டை, முன்னால பெரிய பெரிய பட்டன்..."

"தள்ளாடிக்கிட்டே போனாங்களே, அவங்களா? சுரங்க ரயில் படியில இறங்கினாங்க. அது ஆச்சு ரொம்ப நேரம்."

படியில் ஓடினார்கள். "ரயில் ஏறிட்டாள்னா என்னடி பண்றது? ஏறியிருப்பாளா? சொல்லுடி!" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் டீச்சர். பணம் பையில் இருக்கிறது, டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்ற ஒரே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் நர்ஸ்.

டிக்கெட் கதவுகளுக்கு இந்தப் பக்கம், தூண் ஓரம், கூட்டம் ஓர் இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பட்டன். தரையில் உட்கார்ந்து, தன் சட்டைப் பட்டனைத் தானே பிய்த்துக்கொண்டிருந்தாள். நிலையக் காவலர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்கம்மா. நல்லாக் குடிச்சிருக்கு."

"குடியும் இல்ல, ஒண்ணும் இல்ல! நான் நர்ஸ். கையை விடுங்க!"

காவலர் மிரண்டு விட்டுவிட்டார். பட்டனின் உடம்பு நனைந்து ஜில்லிட்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. நர்ஸ் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டப் போனபோது பட்டன் ஓங்கி ஓர் அடி விட்டாள். சர்க்கரை தரையெல்லாம் சிதறியது.

"டீச்சர், தலையைப் பிடி! எச்சில் முழுங்குறா, இப்பக் குடுத்தாத்தான் உண்டு. மயங்கிட்டா வாயில எதுவும் குடுக்க முடியாது."

டீச்சர் தரையில் மண்டியிட்டு அந்தத் தலையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்தாள். பட்டன் அவள் கையைக் கடித்தாள். டீச்சர் கையை எடுக்கவில்லை. "கடிடி, கடிச்சுக்கோ" என்று அழுதாள். நர்ஸ் சர்க்கரையை விரலால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். காவலர் எங்கிருந்தோ ஒரு பழச்சாறு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது.

அந்தச் சில நிமிடங்களில் நர்ஸ் வேண்டாத தெய்வமில்லை. ஊசியைக் கையில் எடுத்த நேரத்தைச் சபித்தாள்.

பட்டனின் கை தளர்ந்தது. கண்கள் மெதுவாக ஓர் இடத்தில் நின்றன. "எங்கடி இருக்கோம்?" என்றாள். பிறகு தன் சட்டையைப் பார்த்து, "யாருடி இதைப் பிச்சது?"

நர்ஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பையிலிருந்த மிட்டாயை உரித்து வாயில் போட்டாள். காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், இப்ப வந்துடும்" என்றார்.

டீச்சரின் கையில் பற்கள் பதிந்திருந்தன. பட்டன் அதைப் பார்த்தாள்.

"நானா?"

"பரவாயில்ல."

"உன் பொண்ணைப் பத்தியும் ஏதோ சொன்னேன், இல்ல?"

"அதை விடு" என்றாள் டீச்சர் அவசரமாக. "சர்க்கரை இறங்கினதால பேசினே. அது நீ பேசினதே இல்ல."

பட்டன் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எனக்குச் சர்க்கரை இறங்கிச்சு. உனக்கு என்னடி இறங்கிச்சு?"

பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே காலம் தள்ளிய டீச்சர், பட்டனின் பிய்ந்த சட்டையை இழுத்து மூடிவிட்டாள். 'பசி' என்று டீச்சருக்குப் பதில் எடுத்துக்கொடுக்க, அந்தச் சொல் நர்ஸின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். டீச்சர் பட்டனின் தலையைத் தன் மார்பிலிருந்து விடாமல், தரையில் சிதறிய சர்க்கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.