உருள்கல்லின் அடிமுகம்

கதிரவன் மேலேறிக் காய்ந்த அவ்வேளையில், ஆற்றின் இருமருங்கும் செங்குத்தாய் எழுந்த பாறைச் சுவர்கள், உலையிலிருந்து அப்போதே வாங்கிய இரும்பெனத் தகதகத்தன. அறிவுசால் அன்பரே, சற்றே அணுகிக் காண்பீராக! மணலாய்ப் படிந்து இறுகிய மெல்லடுக்குகள், பண்டை நீரோட்டம் சாய்த்த சாய்வு மாறாமல் வரிவரியாய்க் கிடக்க, அவற்றின்மேல் முட்டையளவும் பூசணியளவும் யானைக்கன்றின் அளவுமான உருள்கற்கள் செம்மணற்சாந்தில் புதைந்து திரண்டு நிற்கும். நிலத்தில் புல்லும் பூச்சியும் தோன்றாத காலத்தே, இன்று சுவடுமில்லாத மலையொன்றை உடைத்து, உடைத்ததை உருட்டி, உருட்டியதை ஒன்றோடொன்று மோதவிட்டு, முனையெல்லாம் தேய்த்தெறிந்த வெள்ளத்தின் வேலை அது.

அப்பள்ளத்தாக்கில் பாலம் எழுப்பக் கருதி, தூண் ஊன்றத்தக்க அடிப்பாறையைத் தேடித் துளையிட்ட குழுவினர்க்குத் தலைவியாய் இருந்தவள், கல்லைத் தடவியே அதன் பிறப்புரைக்க வல்ல ஒரு பெண். அவளுடன் பிறந்த தம்பியும் அக்கல்வியே கற்று அவள்கீழ்ப் பணிபுரிந்தான். விரைந்து முடிப்பவன், எவரையும் சிரிக்கவைப்பவன். ஆதலின் இப்பணி முடிந்ததும் தலைமை அவனுக்கே என்று மேலாளர் சொல்லிவிட்டார். உணவு வேளையில் அவனே அதை அனைவர்க்கும் அறிவித்தான்.

"இனிமே லீவு வேணும்னா அக்கா என்கிட்டதான் கேக்கணும்!"

"குடுத்துடுவியா தம்பி?" என்றார் துளைபொறி ஓட்டுபவர்.

"கெஞ்சினா பாக்கலாம். கூடப் பொறந்தவளாச்சே!"

எல்லாரும் சிரித்தனர், அவளும் சிரித்தாள். கையிலிருந்த சோற்றை மட்டும் இலையிலேயே உதறிவிட்டு எழுந்து கைகழுவினாள்.

அன்று பிற்பகல் பொறி வெண்கல்லொன்றில் முட்டியது. உருள்கல் திரண்ட நிலத்தில் பெருங்கல் ஒன்றே அடிப்பாறைபோல் ஏமாற்றும் ஆதலின், கடுங்கல் தட்டுப்பட்டாலும் நிறுத்தாது அதன்கீழும் நெடுந்தொலைவு துளைத்தல் அத்தொழிலோர் நெறி. அவனோ, துளைக்குழாய் அறுத்தெடுத்த வெண்கல் உருளைகள் துண்டுதுண்டாய் மேலேறி வரக்கண்ட களிப்பில் பொறியை நிறுத்தி, இறுதித் துண்டின் அடிமுகத்தை நோக்காமலே தலைகீழாய்ப் பெட்டியில் வைத்தான்.

மாலையில் கற்பெட்டிகள் அடுக்கிய அறையில் அவள் அத்துண்டைக் கையிலெடுத்தாள். உடைந்த கல்லுக்குரிய சொரசொரப்பு அங்கில்லை. ஆற்றுநீர் தேய்த்து வழவழப்பாக்கிய வளைவும், அதில் ஒட்டிய செம்மணலுமே இருந்தன. துளைபொறி உருள்கல்லைக் கடந்துவிட்டது. அதன்கீழே உதிரும் மணற்கல்லே உண்டு. கண்டாள், கண்டதை இருந்தவாறே வைத்தாள்.

"அக்கா, ஒரு தடவ பாத்துடேன். அடிப்பாறைன்னு எழுதிடவா?" என்று வாயிலில் நின்று கேட்டான் தம்பி.

"நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்."

"பாத்தியா, இப்பவே மரியாதை வந்துடுச்சு!" என்று மகிழ்ந்து போனான் அவன்.

மறுநாள் மேலாளரும் பாலம் கட்டுவோரும் சூழ நிற்க, அவன் நெஞ்சு நிமிர்த்தி அடிப்பாறையென்று அறுதியிட்டுரைத்தான். அவன் முற்றும் உரைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தவள், பின் அமைதியாய்க் குனிந்து, அத்துண்டைப் புரட்டி மேலாளரின் உள்ளங்கையில் வைத்தாள்.

வழவழத்த அவ்வளைவை விரலால் தடவிய மேலாளர், "இது மேலயா தூண நிறுத்தச் சொன்ன? எத்தனை பேர் உசிருப்பா!" என்றார்.

"அக்கா... நேத்து நீதானே..." என்று அவள்பக்கம் திரும்பினான் அவன்.

"நான் என்ன சொன்னேன்? நீ சொன்னா சரின்னேன். நீ தப்பா சொல்லியிருக்கே."

பொழுது சாயுமுன்னே அவன் பணியிழந்து, மூட்டையுடன் ஊர்திக்குக் காத்து நின்றான். தலைமை அவளிடமே தங்கியது.

அடுத்த நாள் தாய் தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி வந்துட்டான். சாப்பிடாம சுவத்தப் பாத்துப் படுத்திருக்கான். என்னம்மா ஆச்சு?"

"வேலையில தப்பு பண்ணிட்டான்மா."

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

மகள் கற்பெட்டியொன்றின் மூடியைச் சாத்தினாள். அவ்வோசை கேட்ட தாய் அழைப்பைத் துண்டித்தாள். தவறிழைத்தவனுக்குத் தண்டனை உடனே கிட்டியது; அறிந்தும் வாய் மூடியவளை எந்த மன்றமும் வினவவில்லை. அதன்பின் வாழ்ந்த காலமெல்லாம் தாய் அவளோடு உடல்நலம் பேசினாள், மழை வெயில் பேசினாள். அவ்வொரு கேள்வியை மட்டும் மீண்டும் கேட்டாளில்லை. கேளாமையாலேயே, தாய்க்கு விடை தெரியுமென்பதை மகள் அறிந்திருந்தாள்.