ஏழு நாளில் மிருதுவான கை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுவது என் அம்மா சுந்தரியின் வேலை. கை முழுக்க வெடிப்பு. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, வேலூரில் கையால் சோப்பும் க்ரீமும் செய்து விற்கிற பூர்ணிமா மேடத்திடம் வேலை பார்க்கிறேன்.

விளம்பரப் படத்துக்கு அம்மாவின் கை வேண்டும் என்றார் மேடம். போட்டோ என்றதும் அம்மா தேங்காயெண்ணெய் தடவி, சிவப்பு நகப்பூச்சு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஐயோ, துடைங்கம்மா. அசிங்கமா இருந்தாதான் படம் நல்லா வரும்" என்றார் மேடம்.

அம்மா சிரித்துக்கொண்டே துடைத்தாள். கேமரா முன்னால் வெடிப்பில் க்ரீமைத் தடவியதும், "எரியுது கண்ணு" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எலுமிச்சை எண்ணெய், அப்படித்தான் இருக்கும். போதும்" என்ற மேடம் என்னிடம் திரும்பினார். "இப்ப நீ கையை நீட்டு. ஏழு நாள்ல அம்மா கை இப்படி ஆயிடுச்சுன்னு போட்டுடலாம்."

நான் நீட்டவில்லை. "இது உங்க க்ரீம்ல வந்த கை இல்ல மேடம். எங்கம்மா என்னைத் தொட்டி பக்கமே விடாததால வந்த கை. அவங்க படத்தையும் அழிச்சிடுங்க."

"அப்ப நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

"வரல."

படியிறங்கும்போது, நகத்தில் மிச்சமிருந்த சிவப்பைச் சுரண்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏண்டி, என் மூஞ்சிய ஒரு போட்டோகூட எடுக்கலியே?"