சுவர்ப் பக்கம்

மக்வாலாவுக்கு ஒருவழியாகத் தகுதி வந்துவிட்டது. கணவன் ஜெமலும் அவளைப் போலவே ஜார்ஜியாவிலிருந்து பிழைக்க வந்தவன்தான். முந்தி வந்ததால் போலந்துக் குடிமகன் ஆகிவிட்டான். அவனுக்கு மனைவியாக, வூச் நகரத்தை விட்டு நகராமல், சட்டம் கேட்ட வருஷங்களை அவள் இருந்து தீர்த்துவிட்டாள். இனி நிரந்தர வசிப்பு அட்டை கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. வந்தால் பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் வேலை உண்டு. அங்கே தற்காலிக அட்டைக்காரர்களை எடுப்பதில்லை. வராவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். சமையலறை மேல் அவளுக்கொன்றும் ஆசை கிடையாது. மற்ற மனிதர்கள் தூங்குகிற நேரத்தில் தானும் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பது தாண்டிய பிறகு செய்துகொண்ட கல்யாணம். ஜெமலின் அண்ணன் செத்து வருஷம் திரும்பாத சமயம் அது. துக்க வருஷத்தில் விருந்து கிடையாது, பாட்டு கிடையாது, பல்லைக் காட்டிக்கொண்டு படத்துக்கு நிற்பதும் கிடையாது. பதிவு அலுவலகத்தில் கறுப்பு உடுப்போடு கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் வேலைக்கு ஓடினார்கள். விருந்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை.

ஒரே அறை, ஒரு சமையலறை, ஒரு கட்டில். அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, அவனுக்கு மரச்சாமான் பட்டறையில் பகல் வேலை. காலையில் அவள் படியேறும்போது அவன் இறங்குவான். இருப்பது ஒரே சாவி. அது படியில் கைமாறும். “பீன்ஸ் அடுப்புல இருக்கு” என்பான். “பார்த்துப் போ” என்பாள். அவன் எழுந்த குழியில் அவள் படுப்பாள், சூடு ஆறியிருக்காது. விடுப்பு நாளில்கூட உடம்பு இரவில் தூங்க மறுக்கும். அவனை எழுப்பாமல் சமையலறையில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்து ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். இதற்குப் பெயர் குடித்தனம். யாரிடம் சொல்லி அழுவது?

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அட்டைக்காகச் செய்த பொய்க் கல்யாணமா என்று பார்ப்பார்களாம். அன்றைக்குக் காலையில் படியில் ஜெமல் அவளை நிறுத்தினான்.

“முறை வச்சுத் தூங்குறோம்னு உளறி வைக்காத. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து படுக்கிறதில்லன்னு வேத்து மனுஷங்ககிட்டச் சொல்ற அளவுக்கு நம்ம மானம் கெட்டுப்போகல.”

“நான் ஏன் சொல்றேன்? சேர்ந்துதான் படுக்கிறோம்னு சொல்லிட்டுப் போறேன்.”

அதற்குமேல் பேச நேரமில்லை. அவனுக்கு டிராம் வந்துவிடும்.

மத்தியானம் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். மக்வாலாவுக்கு எதிரே ஒரு இளம் பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினாள்.

“கல்யாணப் படம் ஏதாவது கொண்டுவந்தீங்களா?”

“துக்க வருஷம் மேடம். எடுக்கல.”

அதிகாரி எழுதிக்கொண்டாள். “கட்டில்ல நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?”

“சுவர்ப் பக்கம்.”

“அவர்?”

“வெளிப் பக்கம்” என்றாள் மக்வாலா கூசாமல். பாதி உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திரும்பும்போது டிராமில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. இருவரும் அப்படி உட்கார்ந்து மாதக்கணக்காகியிருந்தது.

“கட்டில்ல யார் எந்தப் பக்கம்னு கேட்டாங்க” என்றான் ஜெமல். “இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் சுவர்ப் பக்கம், அவ வெளிப் பக்கம்னு டக்குனு சொல்லிட்டேன்.”

மக்வாலா கண்ணை மூடிக்கொண்டாள். “அட மனுஷா. சுவர்ப் பக்கம் நான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“நீயா? நான்தான தினமும் அங்க படுக்கிறேன்.”

“நான் மட்டும் எங்க படுக்கிறேனாம்? வெளிப் பக்கம் கால் நொண்டி, உருட்டி விடுது. பட்டறையில ஊரார் கட்டிலையெல்லாம் இழைக்கிற. நம்ம கட்டில் காலைச் சரி பண்ணுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்?”

“எப்பச் சரி பண்றது? எப்பப் பார்த்தாலும் நம்மள்ல யாராவது ஒருத்தர் அதுல தூங்கிட்டிருக்கோம்.”

சிரிக்க வேண்டிய பேச்சுதான். சிரிக்கத் தெம்பில்லை. எல்லாம் போச்சு என்று மட்டும் இருவருக்கும் புரிந்தது. வீட்டுக்குப் போனதும் அவள் வேலைக்குக் கிளம்பினாள், அவன் படுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மக்வாலா வேலை முடிந்து வந்தபோது அந்த அதிகாரி படியடியில் நின்றிருந்தாள். கூடவே வாட்டசாட்டமான ஓர் ஆண் அதிகாரி. கீழ்வீட்டு ஹலினா அம்மாள் வாசலில் நின்றபடி அவர்களிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“சேர்ந்து வாழறாங்களான்னா கேக்கறீங்க? ரெண்டு பேரையும் சேர்ந்தாப்புல நான் பார்த்ததே இல்லையே. இவ ஏறுவா, அவன் இறங்குவான். பனி கொட்டினாலும் இதேதான். சாவியை மாத்திக்குவாங்க, அவ்வளவுதான் பேச்சு.”

கிழவி குழி தோண்டிவிட்டாள் என்று நினைத்தபடியே மக்வாலா அவர்களை மேலே கூட்டிப்போனாள்.

மேலே ஜெமல் பட்டறைக்குக் கிளம்பி நின்றிருந்தான். அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலின் மேல் கை வைத்தாள். சுவரோரமாக ஒரே ஒரு குழி. இன்னும் சூடு இருந்தது.

“ஒரு ஆள் படுத்த தடம்தான் இருக்கு. இன்னொருத்தர் எங்க படுக்கிறீங்க?”

ஜெமல் வாயைத் திறந்தான். இன்னொரு பொய்க்குத் தயாராகிறான் என்பது மக்வாலாவுக்குத் தெரிந்தது. அதைத் தூக்கிச் சுமக்க அவளிடம் சக்தி இல்லை.

“அதே தடத்துலதான் மேடம். அவர் எந்திரிச்சதும் நான் படுப்பேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டோம். நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க. நான் இப்பத் தூங்கணும்.”

காலணியைக் கழற்றினாள். மாவு படிந்த உடுப்போடு அந்தக் குழியில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அதிகாரி என்ன சொன்னாள் என்று அவள் காதில் விழவில்லை.

மீதிக் கதை, பின்னாலேயே ஏறிவந்த ஹலினா அம்மாள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஜெமல் யாரையும் பார்க்கவில்லையாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டானாம், அவள் காலைப் போர்வையால் மூடினானாம், உதட்டில் விரல் வைத்து “மெதுவா மேடம், தூங்கிட்டா. எதுனாலும் சமையலறையில பேசுவோம்” என்றானாம்.

“அந்தத் தடியன் இருக்கானே, சத்தம் வராம பூட்ஸைத் தூக்கித் தூக்கி வச்சு நடந்தான்” என்றாள் ஹலினா அம்மாள். “அந்தப் பொண்ணு என்கிட்ட ரகசியமா, தினமும் இப்படித்தானான்னு கேட்டா. நான் முதல்லேர்ந்தே அதைத்தானம்மா சொல்லிட்டிருக்கேன்னேன்.”

கோடையில் அட்டை வந்தது. மக்வாலா இரவு வேலையை விட்டாள். கட்டில் ஒரு பகல் முழுக்கக் காலியாகக் கிடைத்ததால் ஜெமல் அதன் காலைச் சரிசெய்து முடித்தான்.

அன்று இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. இருவரும் படுக்கப் போனார்கள். இருவரும் சுவர்ப் பக்கம் நகர்ந்தார்கள்.

“நீயே படு” என்றாள் அவள்.

வெளிப் பக்கம் இப்போது சமமாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் மூச்சு விடுவது அவளுக்குப் புதிது. அவனும் அசையாமல் விழித்துக் கிடந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளைத் தாண்டி மெல்ல இறங்கினான்.

“எங்க?”

“சமையலறையில உக்காந்திருக்கேன். நீ தூங்கு.”

அவள் பழக்கதோஷத்தில் அவன் எழுந்த குழிக்குள் உருண்டாள். சூடு அப்படியே இருந்தது. கண் தானாகச் சொக்கியது. இந்தச் சூட்டுக்குச் சொந்தக்காரன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்ததும் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“வா மனுஷா. சேர்ந்து முழிச்சுக்கிட்டாவது கிடப்போம்.”