மாமியாரின் மஞ்சள் புகார்

எங்கள் வணிக வளாகத்தின் காற்றோட்டத்தைக் கண்காணிக்கும் கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். குற்றம் கண்டுபிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. வடிகட்டியில் தூசி, குழாய்மூடி சரியாகத் திறக்கவில்லை என்று நாளெல்லாம் மஞ்சள் எழுத்தில் புகார் வாசிக்கும். முதலாளி வரும் நாளில் திரை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். அதனால் முதலாளி கண்ணில் படுவதற்குள் மஞ்சளையெல்லாம் 'சரிபார்த்தாயிற்று' என்று அழுத்தி மூடிவிடுவோம். யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அன்றும் மூடிக்கொண்டே வந்தேன். கடைசிப் புகாரில் விரல் நின்றுவிட்டது. 'கீழ்த்தள வாகன நிறுத்தம், புகை வெளியேற்றும் விசிறி. மோட்டார் ஓடுகிறது. வழக்கமான மின்சாரத்தில் பாதிதான் எடுக்கிறது. பெல்ட் அறுந்திருக்கலாம்.'

அந்தத் தளத்தில்தான் என் அண்ணன் வாடிக்கையாளர்களின் கார்களை வாங்கி நிறுத்தும் வேலை பார்க்கிறான். முந்தின நாள் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். "எந்நேரமும் போனையே பாத்துட்டிருந்தா வேற என்ன வரும்" என்று நான் கடிந்தேன். அன்று தள்ளுபடி விற்பனை வேறு. கேமராவில் பார்த்தால், கார்கள் இன்ஜினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கின்றன. அண்ணனைக் காணோம்.

அங்கே அவன் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு இன்டர்காம் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், கீழ விசிறி சுத்தல. பெல்ட் அறுந்து மோட்டார் மட்டும் வெறுமனே ஓடுது."

"மோட்டார் ஓடுதுல்ல? அப்புறம் என்ன?"

"கரண்ட் பாதியா குறைஞ்சிருக்கு சார்."

"அது நல்ல விஷயம்மா. ரெண்டு நாளா குறைஞ்சிருக்கு. சிக்கனம்னு முதலாளிகிட்ட அதைத்தான் காட்டிட்டிருக்கேன். புகை ஏறியிருந்தா அளக்கிற கருவி கத்தியிருக்காதா?"

"அது நுழைவாசல்ல இருக்கு சார். அங்க வெளிக்காத்து வருது."

"மஞ்சளை மூடு. கூட்டத்துல இருக்கேன்." வைத்துவிட்டார்.

மேசையோரம் தீ எச்சரிக்கைப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அவசர விசிறிகள் தனியாக ஓடத் தொடங்கும். கூடவே எல்லாக் கடையும் காலியாகும், விற்பனை படுக்கும், என் வேலைக்கும் சீட்டுக் கிழியும். கிழிந்தால் கிழியட்டும் என்று அழுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டு நடந்தே வெளியேறும்படி மைக்கில் கத்திவிட்டு, காவலாளியை இழுத்துக்கொண்டு படியில் ஓடினேன்.

அண்ணன் கூண்டுக்குள் மேசையில் தலை சாய்த்திருந்தான். உலுக்கினேன், எழவில்லை. தோளுக்கு ஒருவராகப் பிடித்து சரிவுப்பாதையில் இழுத்துவந்து வெளியே கிடத்தினோம். காவலாளி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

மேனேஜர் முதலாளியோடு மூச்சிரைக்க வந்தார். "எங்க தீ? யாரு அழுத்தினது?"

"நான்தான் சார். தீ இல்ல."

முதலாளி தரையைப் பார்த்தார். "யாரும்மா இது?"

"எங்கண்ணன். மேல உங்களுக்குக் காட்டினாரே சிக்கனம், அது இதுதான் சார்."

மேனேஜர் முதலாளிக்குப் பின்னால் நகர்ந்தார்.

அண்ணன் இருமினான். மெதுவாகக் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

"நேத்து முழுக்க போனையே தொடலடி," என்றான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.